அமானிதம்

ஹஜ் பயணம் உறுதியானபோது, திருச்சியில் எங்கள் இல்லத்துப் பூனை முத்துவை 40 நாள் யார் பேணுவார் என்னும் கவலை எழுந்தது. உறவினர் தயங்கினர். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்னும் நபிமொழி என் உறக்கத்தைக் கெடுத்தது.

உடன் பணியாற்றும் திருவரங்கத்து நண்பர் தம் இல்லத்தில் விடச் சொன்னார். மீன்வாடையே அறியாத வீடாயிற்றே என்றேன். அவர்தம் அன்னையார் நகைத்தார். "அதன் உணவு அதற்கு, கொல்லையில் வைப்போம். குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விக் காப்பதுபோல் இறைவன் நம்மைக் காப்பான் என்பது எங்கள் தென்கலை மரபு. பூனையை வேண்டாமென்பேனா?" என்றார். பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பெற்ற நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களைப் பற்றி நான் கூறினேன்.

பழகிய மணம் இருந்தால் பூனையின் அச்சம் தணியும். ஆதலின் அது உறங்கும் பழந்துணியையும் நெத்திலிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, காவிரிப் பாலம் கடந்து அதனை ஒப்படைத்தேன். முதற் சில நாள் அறைக்குள்ளேயே வைக்குமாறு வேண்டினேன். இல்லையேல் பழைய வீடு தேடி ஓடிவிடும்.

திரும்பியதும் பேரீச்சம்பழத்துடன் சென்றேன். அன்னையாரின் மடியில் கிடந்த முத்து என்னை ஒருமுறை நோக்கிவிட்டு மீண்டும் கண்மூடியது. நெஞ்சு சற்றே வலித்தது. எனினும் அமானிதம் பேணப்பட்டமைக்கு அதனினும் சான்று வேறுண்டோ?