மரங்களின் புத்தாண்டு

மூணாற்றிலும் பீர்மேட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் நாம் தைப்பூசம் கொண்டாடும் நாட்களை ஒட்டி, பல ஆண்டுகளில், யூத மக்களுக்கும் ஒரு சிறு திருநாள் வருகிறது. ‘து பிஷ்வாத்’ என்பது அதன் பெயர். ஷெவாத் மாதத்துப் பதினைந்தாம் நாள் என்று பொருள். பௌர்ணமி நாளாகிய அதனை மரங்களின் புத்தாண்டு என்பர்.

அம்மக்கள் நம் மாநிலத்துக்குப் புதியவர் அல்லர். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த அவர்தம் ஆலயம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

தொடக்கத்தில் இது வெறும் கணக்கு நாளே. கனிகளில் பத்திலொரு பங்கை எவ்வாண்டுக்குரியது எனப் பிரிக்க ஓர் எல்லை வேண்டியிருந்தது. மரத்தின் வயதுக்கும் அது உதவிற்று. நட்ட முதல் மூன்றாண்டுக் கனியை உண்ணலாகாது; நான்காம் ஆண்டுக் கனி இறைவனுக்கு; ஐந்தாம் ஆண்டில்தான் நட்டவன் சுவைக்கலாம் என்பது அவர்தம் மறை விதி. பின்னர் நாட்டை இழந்து சிதறினர். பங்கு பிரிக்கத் தோட்டமில்லை. நாள் மட்டும் எஞ்சிற்று. ஐரோப்பியப் பனியில் அமர்ந்து, உலர்ந்த அத்தியும் பேரீச்சையும் உண்டு, காணாத மண்ணை நினைந்தனர். கிளை வெறுமையாய் நிற்கும்போதே மரத்தினுள் சாறு ஏறத் தொடங்கிவிடும் என்பது இந்நாளுக்கு அவர்கள் கண்ட பொருள். நமக்கு இது பெரிதாகவே படுகிறது.

நாமோ ஆயுளெல்லாம் செடிகளுக்கிடையே வாழ்கிறோம். தேயிலையும் விட்டால் மரமாகக் கூடியதே; கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறோம். லயத்து வீடோ வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால் இறங்கவேண்டும். ஐந்தாம் ஆண்டுக் கனிக்கு நாம் இங்கிருப்போமா என்றெண்ணியே பலர் பின்கட்டில் கன்று வைக்கத் தயங்குகின்றனர். தயக்கம் நியாயமானதே, அதைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆயினும் வைத்தவர் உண்டு. ஒரு மூதாட்டி கொய்யா நட்டார்; அது காய்க்குமுன் கம்பத்துக்குப் போய்விட்டார். அவ்வீட்டுக்குப் பின்னர் வந்த குடும்பத்தார் ஆண்டுதோறும் முதற்பழங்களை ஒரு பையிலிட்டு, குமுளி வழியே செல்வோரிடம் அவருக்குக் கொடுத்தனுப்புகின்றனர்.