பக்கவாதத்துக்கு அப்புறம் மனசு

மலைமேல் இருக்கும் மாரமங்கலத்தில் எனக்குப் பெரியப்பா முறை ஒருவர். எஸ்டேட்டில் மிளகு பறித்தவர். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போயின. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலம் அரசு மருத்துவமனையில் உயிர் பிழைத்து வந்தார். இப்போது சாப்பிட மறுக்கிறார், சட்டென்று அழுகிறார். "வீம்பு புடிக்கிறாரு" என்கிறார்கள்.

வீம்பு இல்லைங்க. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. துயரம் மட்டுமே காரணமில்லை. அடிபட்ட மூளையே உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தத் திணறும். இதற்கு மருந்து உண்டு, பயிற்சி உண்டு. பேச்சு போன பலருக்கு நாம் சொல்வது புரியும். அவர் காதுபடவே "இனி இவரால என்ன ஆகும்" என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலையசைத்துப் பதில் சொல்லும்படி சின்னச் சின்னதாகக் கேளுங்கள். படம் காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், பிரஷர் மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பெரிய காரியம். மனநல ஆலோசனையும் பேச்சுப் பயிற்சியும் அதேபோல மலையேறி வர வேண்டும்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம், இலவசம். பேச்சிழந்தவர் எப்படிப் பேசுவார்? பெரியம்மா பேசட்டும். ராத்திரியெல்லாம் முழித்துக் கிடப்பவர் அவர். தனக்காகவும் அவர் பேசலாம்.