பீரோவுக்குள் இருக்கும் பாட்டுப் புத்தகம்



ஞாயிறு ஆராதனைத் தாளில் கீர்த்தனையின் எண்ணை மட்டுமே அச்சிடுகிறோம். பாட்டு வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. தாள் புதிதாக வந்து, புத்தகம் பழைய பதிப்பாகவே இருந்தால், தேடும் எண் அதில் இராது. சபை எழுந்து நின்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

கிட் என்னும் மென்பொருளில் சப்மாட்யூல் என்பது ஏறக்குறைய இந்த எண்ணைப் போன்றது. நம் வாலிபர்களில் அநேகர் தினமும் கையாளும் மென்பொருள் அது. நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் காத்துவைப்பது அதன் வேலை. லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005 ஏப்ரலில் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ பராமரித்து வருகிறார். ஒரு நிரல் களஞ்சியம் மற்றொரு களஞ்சியத்தைச் சார்ந்திருக்கும்போது, அதன் உள்ளடக்கத்தைத் தன்னில் எழுதிக்கொள்வதில்லை. அதன் குறிப்பிட்ட ஒரு கமிட்டை மட்டும் சுட்டுகிறது. புதிய மாற்றங்களைப் பெற்றுவரும் ஃபெட்ச் கட்டளை, சுட்டப்பட்டவற்றையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

இதில் நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. நீங்கள் அந்நேரத்தில் எந்தக் கமிட்டில் நிற்கிறீர்களோ, அதில் காணப்படும் சப்மாட்யூல்களை மட்டுமே ஃபெட்ச் கவனித்தது. மற்றொரு கிளைக்கு உரிய சப்மாட்யூல் முன்பே உங்கள் கணினியில் இறக்கப்பட்டிருந்தாலும், இப்போது விரிக்கப்படவில்லை என்பதால் அதைக் கடந்துபோயிற்று. இன்றைய ஆராதனைக்கு எடுத்து வைத்த புத்தகங்களுக்கு மட்டும் புதிய பதிப்பு வாங்கிவந்து, பீரோவுக்குள் இருக்கும் நம்முடைய மற்றப் புத்தகங்களை ஊழியர் மறந்துவிட்டதைப் போல! எல்லாவற்றையும் முறைப்படி அமைத்தவருக்கும், கிளை மாறும்போது தேவையான கமிட் இல்லாமல் கட்டளை தோல்வியடையக்கூடும். 2022 ஏப்ரலில் வெளியான 2.36 பதிப்பில் இது சீரானது.

சென்ற மாதம் வாலிபர் கூடுகைக்குப் பின் ஒரு சகோதரி, தம் நிரல் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டதென்று கண்கலங்கினார். அலுவலக நிரலைக் காட்ட இயலாது என்பதால், யாவரும் வாசிக்கக்கூடிய இந்த மாற்றத்தை எனக்கு விளக்கினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாதி எனக்குப் புரிந்ததற்கு அவருடைய பொறுமையே காரணம்.

ஒன்று தெளிவாயிற்று. இத்தகைய மாற்றத்தைச் சரிபார்ப்பவர், எழுதப்பட்ட வரிகளை மட்டும் பார்த்தால் போதாது, எழுதப்படாததைக் கேட்கவேண்டும். இரண்டு கமிட்டுகளில் ஒரே சப்மாட்யூல் வெவ்வேறு இடங்களில் இருந்தால் என்ன ஆகும்? பெயரைக் கொண்டு பீரோவில் தேடுகிறீர்களே, அந்தப் பெயரைக் கொடுத்தவர் யார்? இது வீண் சந்தேகமன்று. சப்மாட்யூலின் பெயருக்குள் இரண்டு புள்ளிகளை ஒளித்து, கோப்புறைக்கு வெளியே சென்று, பிறருடைய கணினியில் தீய நிரலை ஓடவிடக்கூடிய ஓட்டை ஒன்று முன்பு இருந்தது. 2018 மே மாதம் 2.17.1 பதிப்பில்தான் அது அடைக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் புன்னகையோடு தலையசைத்து அனுப்பிவிடுகிறவர் நண்பர் அல்லர் என்றே நான் எண்ணுகிறேன். இறையியல் கல்லூரியில் என் ஆய்வேட்டின் ஓரத்தில் "எப்படி?" என்ற ஒரே சொல்லை எழுதிய பேராசிரியர் நினைவுக்கு வந்தார். அந்தச் சிவப்பு மையை அன்று நான் விரும்பவில்லை.

ஆயினும் கேட்கும் விதம் உண்டு. "இது தவறு" என்று எழுதி நிறுத்துவது எளிது. எந்தச் சூழலில் உடையும் என்று காட்ட உழைப்பு வேண்டும். அந்தச் சகோதரிக்கு வந்த குறிப்புகளில் முந்தின வகையே மிகுதி. குறை சரியாகவே இருந்திருக்கலாம். கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

கிட் குழுவில் மாற்றங்கள் மின்னஞ்சலில் எல்லோரும் காண அனுப்பப்படுகின்றன. கேள்விகளும் அங்கேயே வருகின்றன. எழுதியவர் திருத்தி இரண்டாம், மூன்றாம் வடிவை அனுப்புகிறார். அதை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. முடிவில் ஏற்கப்படும் மாற்றத்தின் அடியில் எழுதியவரின் ஒப்புதல் வரி நிற்கிறது. பல மாற்றங்களில், வரி வரியாகக் கேள்வி கேட்டவரின் பெயரும் "ரிவ்யூட்-பை" என்று அதனருகே பதிவாகிறது.