மலையேறும் கிழவர்கள்

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துச் சாமான் ஏதாவது இருக்கிறதா? அடி தேய்ந்த வெண்கலப் பானையோ, காது உடைந்து மறுபடி பற்றவைத்த பித்தளை அண்டாவோ? "இதைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே" என்று வீட்டிலுள்ள ஆண்கள் சொல்வதும், "போங்கள், இந்தக் கனம் இப்போது எங்கே கிடைக்கிறது?" என்று நீங்கள் அதைத் துடைத்து மறுபடி ஏற்றி வைப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதிதான்.

இமயமலைப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பழைய மோட்டார் வண்டிகள் விஷயத்தில் உங்கள் கட்சி! ஆனால் பரணில் ஏற்றி வைக்கவில்லை, மலைமேல் ஏற்றுகிறார்கள். ஏதோ கண்காட்சிக்காக வருஷத்துக்கு ஒரு முறை அல்ல. அரிசி மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு, வயிற்றுப்பாட்டுக்காக.

அந்த ஊருக்கு மானேபஞ்சாங் என்று பெயர். பௌத்தர்கள் மந்திரம் செதுக்கி வைக்கும் கல்லுக்கு 'மானே' என்றும், மலைக் கணவாய்க்குப் 'பஞ்சாங்' என்றும் அங்கே சொல்கிறார்கள். டார்ஜிலிங்கிலிருந்து கூம் வழியாகச் சுமார் 26 கிலோமீட்டர். நம் எல்லை அங்கே முடிகிறது. கடைத்தெருவில் இந்தப் பக்கம் டீ குடித்துவிட்டு அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் நேபாளம்!

இங்கிருந்து சந்தக்பூ என்ற சிகரத்துக்கு 31 கிலோமீட்டர் பாதை. மேற்கு வங்காளத்திலேயே உயரமான இடம் அதுதான், 3,636 மீட்டர். மானேபஞ்சாங்கிலிருந்து சுமார் 1,500 மீட்டர் ஏற வேண்டும். கால் பலமுள்ளவர்கள் இரண்டு மூன்று நாளில் நடந்தே போகிறார்கள். மற்றவர்களுக்கு வண்டி இருக்கிறது. என்ன வண்டி என்கிறீர்களா? லாண்ட் ரோவர். அதிலும் 1950களில் இங்கிலாந்தில் பிறந்தவை பல!

கடற்கரையில் பிறந்த யோசனை

இந்த வண்டி பிறந்த கதை வேடிக்கையானது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். இங்கிலாந்தில் ரோவர் கார்க் கம்பெனியின் தலைமை இஞ்சினீயராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பக்கம் ஆங்கிள்ஸீ தீவில் அவருக்கு ஒரு பண்ணை. அங்கே வேலைக்கு ஒரு பழைய ராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்து போயிற்று. "இதற்குப் பதில் நாமே ஒன்று செய்தால் என்ன?" என்று தோன்றியது. 1947ல் ரெட் வார்ஃப் விரிகுடாவின் கடற்கரை மணலில் புது வண்டியின் உருவத்தைக் கோடு போட்டுக் காட்டினாராம். 1948 ஏப்ரல் 30ந் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளியே வந்தது.

அப்போது இங்கிலாந்தில் எஃகுக்குப் பங்கீடு. அலுமினியக் கலவைத் தகடு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே உடம்பு பெரும்பாலும் அலுமினியத் தகடு. அடியில் தாங்கும் சட்டம் எஃகு. பெரிய அச்சுகள் செய்யப் பணம் கிடையாது என்பதால், தகடுகளை வளைவு நெளிவு அதிகமில்லாமல் தட்டையாகவே மடித்துவிட்டார்கள். பாதி டிராக்டர், பாதி சின்ன லாரி. முன்னால் ஆள் உட்கார இடம், பின்னால் சாமான் போடத் திறந்த பெட்டி. அழகு என்று சொல்வதற்கில்லை. பிஸ்கட் டின்னுக்குச் சக்கரம் வைத்தது போலத்தான் இருந்தது.

ஆனால் வறுமையில் செய்த இந்த ஏற்பாடுதான் பிற்பாடு வரமாக முடிந்தது. தட்டையான தகடு நசுங்கினால் சுத்தியல் வைத்திருக்கும் எவரும் தட்டி நிமிர்த்தலாம். அலுமினியத்தில் துரு ஏறாது. கதவு, முன் மூடி, பக்கத் தகடு எல்லாம் திருகாணியில் நிற்பவை. கழற்றி வேறு மாட்டலாம்.

டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் இவற்றை வரவழைத்தார்கள். அவர்கள் கப்பலேறிப் போகும்போது வண்டிகளை உள்ளூர்க்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வேறு எந்த வண்டியும் ஏறத் துணியாத சந்தக்பூ பாதையில் இவை ஏறின. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று வண்டியும் கைமாறியது, வித்தையும் கைமாறியது.

பட்டறையில் ஒரு காலை

வண்டி ஏறுமுன் பட்டறையைப் பார்த்துவிட வேண்டும் என்று போனேன். ஒரு லாண்ட் ரோவர் சக்கரம் நான்கையும் கழற்றிவிட்டு மரக்கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கால்களைத் தொடர்ந்து மிஸ்திரியும் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் பாதி சிரிப்பு, பாதி கிரீஸ்.

"இதில் பழையது எது, புதியது எது?" என்று கேட்டேன்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குழந்தைகளின் ஜாதகம் சொல்வது போலச் சொன்னார். "சட்டம் பழசு. இரண்டு இடத்தில் துரு அரித்தது. வெட்டி எடுத்துப் புதுப் பட்டை வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறேன். இந்தக் கதவு வேறு ஒரு வண்டியுடையது. அந்தக் கதவு இங்கேயே தட்டியது. பின்னால் பெஞ்சி தச்சன் செய்தது. எஞ்சின் மகீந்திரா."

"எஞ்சினே மாற்றிவிட்டீர்களா?"

"பழைய பெட்ரோல் எஞ்சினுக்குச் சாமான் எங்கே கிடைக்கிறது? அது குடிக்கிற எண்ணெய்க்கு யார் பணம் கொடுப்பது?"

நியாயம்தானே! மானேபஞ்சாங்கில் பல வண்டிகளில் இப்போது மகீந்திரா டீசல் எஞ்சின்தான் துடிக்கிறது. இது கேட்கிற அளவுக்குச் சுலபமான வேலை அல்ல. ஓர் எஞ்சினை எடுத்து இன்னொரு கம்பெனி வண்டியில் வைத்தால், கியர் பெட்டியோடு அது சேராது. நடுவே பொருந்துகிற மாதிரி இரும்புத் தட்டு ஒன்றை லேத்தில் கடைய வேண்டும். எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெட்டி வேறு இடத்தில் பற்றவைக்க வேண்டும். கொஞ்சம் கோணலானால் கியர் பெட்டி அலறும். இவ்வளவையும் அந்தப் பட்டறையில் கண்ணளவும் கையளவும் வைத்தே செய்கிறார்கள்.

அடுத்து ஸ்பிரிங். கற்பாதையில் முதலில் உயிரை விடுவது அதுதான். லாண்ட் ரோவரில் அது சுருள் கம்பி அல்ல. மாட்டு வண்டிப் பட்டை போல நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஒரு பட்டை முறிந்தால் அதை மட்டும் உருவிவிட்டு வேறு போடலாம். பாரம் அதிகமானால் இன்னும் ஒரு பட்டை சேர்க்கலாம். உட்காருகிறவர்களின் இடுப்புக்கு அது எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள்!

சிவப்புக் குமிழ்

மறுநாள் காலை புறப்பட்டோம். டிரைவரை அங்கே எல்லோரும் 'தாஜு' என்கிறார்கள். நேபாளியில் அண்ணா என்று அர்த்தம். ஊரை விட்டு வெளியே வந்ததும் பாதை நேராக வானத்தைப் பார்த்து எழுந்தது. தாஜு ஒரு சிவப்புக் குமிழ் வைத்த கம்பியை இழுத்தார். எஞ்சினின் குரல் மாறியது, வேகம் போயிற்று, பலம் வந்தது.

இந்தக் குமிழில்தான் சூட்சுமம். சாதாரணக் கியர்களுக்குக் கீழே இன்னொரு கியர் பெட்டி இருக்கிறது. சிவப்புக் குமிழை இழுத்தால் ஒவ்வொரு கியரும் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகிவிடும். அந்த அளவுக்குச் சக்கரத்தில் பலம் கூடும். அதோடு நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஒன்று வழுக்கும் கல்லில் மாட்டிக்கொண்டாலும் மற்றவை கைகொடுக்கும். இறங்கும்போதும் இதே கதைதான். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். சிவப்புக் குமிழில் போட்டுவிட்டால் எஞ்சினே கடிவாளம் பிடித்துக்கொள்ளும்.

சித்ரே, மேக்மா தாண்டி டும்லிங் சேர்ந்தோம். பாதை எல்லைக்கோட்டின் மேலேயே போவதால் இந்த ஊர் நேபாளத்தில் இருக்கிறது. ஒரு விடுதியில் அடுப்பங்கரையிலேயே உட்கார வைத்துச் சுடச்சுட டீ கொடுத்தாள் ஓர் அம்மாள். "தீதி, உங்களுக்கு எல்லாச் சாமானும் இந்த வண்டியிலா வருகிறது?" என்று கேட்டேன்.

"அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர் எல்லாம். என் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கீழே ஆஸ்பத்திரியில்தான். வலி எடுத்தபோது இந்த வண்டியில்தான் இறக்கிக்கொண்டு போனார்கள். ராத்திரி வேளை. குலுக்கின குலுக்கலில் வழியிலேயே பிறந்துவிடுமோ என்று பயந்தேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பாதையில் பகலில் வந்ததே எனக்குப் போதும்.

டும்லிங்கிலிருந்து கைரிபாஸ் வரை இறக்கம். பிறகு மறுபடி ஏற்றம். இங்கே சிங்கலீலா தேசியப் பூங்கா. 1992ல் ஏற்பட்டது. மூங்கில் புதர்களுக்குள் சிவப்புப் பாண்டா ஒளிந்திருக்கிறது. நம் கண்ணுக்கு அகப்படவில்லை. ஆனால் வசந்த காலத்தில் மரமே தெரியாமல் சிவப்பாகப் பூக்கும் குராஸ் பூவை யாராலும் ஒளித்து வைக்க முடியாது. அப்புறம் காளிபோக்ரி என்ற கறுப்புக் குளம். அதையும் தாண்டினால் பிக்கேபஞ்சாங். நாவிச் செடி விளைவதால் விஷக் கணவாய் என்று பெயர். அங்கிருந்து கடைசி ஏற்றம். தாஜு பேச்சை நிறுத்தினார். நாங்களும் நிறுத்தினோம். வண்டி மட்டும் முனகிக்கொண்டே ஏறியது.

மறுநாள் விடியற்காலையில் சந்தக்பூவில் நின்று பார்த்ததை எப்படிச் சொல்வது! உலகத்தின் ஐந்து உயர்ந்த சிகரங்களில் நான்கை அங்கிருந்து ஒரே வரிசையில் பார்க்கலாம். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்ஸே, மகாலு. கஞ்சன்ஜங்காவும் அதன் அக்கம்பக்கத்துச் சிகரங்களும் சேர்ந்து மல்லாந்து படுத்த மனிதர் போல் தெரிகின்றன. 'உறங்கும் புத்தர்' என்கிறார்கள். முதலில் நெற்றி சிவந்தது, அப்புறம் மார்பு, பிறகு பாதம்.

சாலை வந்தது

எல்லாம் சந்தோஷமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. அண்மை வருஷங்களில் இந்தப் பாதையின் பல பகுதிகளுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மெத்தை வைத்த புது பொலேரோ வண்டிகளே இப்போது ஏறி வருகின்றன. யாத்ரிகர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். 2018ல் லாண்ட் ரோவர் கம்பெனி தன் எழுபதாவது ஆண்டுக்காக இங்கே வந்து படம் எடுத்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட பழைய வண்டிகள் அணிவகுத்தன. ஆனால் படத்தில் வந்துவிட்டால் வயிறு நிறைந்துவிடுமா?

சாலை வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. "என் மருமகளுக்கு நான் பட்ட பாடு வேண்டாம்" என்றாள் டும்லிங் தீதி. அவள் பக்கம்தான் நானும். கவலை வண்டியைப் பற்றிக்கூட அல்ல. அதைக் கண்காட்சிச் சாலையில் வைத்துவிடலாம். மிஸ்திரியின் கையை எங்கே வைப்பது? அவர் மகன் சிலிகுரியில் கைத்தொலைபேசிக் கடையில் வேலை பார்க்கிறான். உடைந்த பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இல்லாத பாகத்தைச் செய்து கொடுக்கிறவர்கள்? வேலை இருந்தால்தான் வித்தை இருக்கும். ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் அந்தப் பட்டறைக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

ஆகவே உங்களில் யாராவது டார்ஜிலிங் பக்கம் போவதானால், இரண்டு நாள் ஒதுக்கி மானேபஞ்சாங் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பூ. அக்டோபர், நவம்பரில் தெளிந்த வானம். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். தடித்த ஸ்வெட்டரும் அடையாள அட்டையும் மறக்காதீர்கள். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முதுகுவலி உள்ளவர்கள் பொலேரோவிலேயே போங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மற்றவர்கள், வண்டி பேசும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "லாண்ட் ரோவர் இருக்கிறதா?" முன் ஸீட் கிடைத்தால் விடாதீர்கள். கைப்பிடியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை அநேகமாகப் போன வாரம்தான் புதிதாகப் பற்றவைத்திருப்பார்கள்!