மாமா கடைக்குப் புது கம்ப்யூட்டர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் மாமா யாரிடமோ "ஒரு நிமிஷம் இருங்க, கம்ப்யூட்டர் சுத்துது" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு, டாக்டர் சீட்டும் கையுமாக ஆறு பேர் நிற்க, மருந்து பேரை அடித்துவிட்டு ஆறு நொடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு சங்கடம்! நீ சாஃப்ட்வேர் எழுதித் தருவதற்கு முன்னால், அந்த ஆறு நொடிக்குள் அவர் ஸ்டூலில் ஏறி மருந்தையே எடுத்துவிடுவார்.

நீ அனுப்பிய டேட்டாபேஸ் ஃபைலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்து பார்த்தேன். புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறவும் வேண்டாம். மாமாவிடம் அதற்காகப் பணம் கேட்டிருந்தால் இன்றைக்கே போய் "தேவையில்லை" என்று சொல்லிவிடு.

எஸ்க்யூலைட் "சின்ன டேட்டாபேஸ்", அதனால்தான் திணறுகிறது என்றாய். அதைக் கேட்டதும் கொஞ்சம் கோபம் வந்தது. ரிச்சர்ட் ஹிப் 2000இல் அதை எழுதத் தொடங்கியதே ஒரு போர்க்கப்பலால்தான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் வேலை பார்த்தபோது, பின்னால் இன்ஃபார்மிக்ஸ் டேட்டாபேஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அது படுத்தால் இவர் மென்பொருளும் படுத்துவிடும். சர்வரே இல்லாமல், ஃபைலை நேராகப் படிக்கிற ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்தார். இன்றைக்கு ஆண்ட்ராய்டு, ஐபோன் எதை எடுத்தாலும் உள்ளே அது இருக்கிறது. மாமா கடையின் 14 லட்சம் வரிகள் அதற்கு ஒரு சுமையே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் சந்தேகம் முழுக்க 'லைக்' மேல் இருந்தது. பேருக்கு இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டுத் தேடினால் இண்டெக்ஸ் வேலை செய்யாது என்று எங்கோ படித்திருக்கிறாய். படித்தது சரிதான். ஆனால் உன் மருந்துப் பட்டியலில் இருப்பது மொத்தமே ஆறாயிரம் பேர்தான். அதை முழுக்கப் புரட்டினாலும் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. நான் டைமர் போட்டுப் பார்த்தேன், நாலு மில்லிசெகண்ட். நீ இரண்டு வாரமாக மல்லுக்கட்டியது அந்த நாலு மில்லிசெகண்டோடு.

குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின் குவெரி பிளான்' என்று சேர்த்து ஓட்டினாயா என்று கேட்டதற்கு, "ஓட்டினேன் அக்கா, முதல் வரியில் ஸ்கேன் என்று வருகிறது, இரண்டாவது வரி சர்ச், அது நல்லதுதானே" என்றாய். தப்பு அங்கேதான். இரண்டாவது வரியை முழுசாகப் படி. 'சர்ச்' என்பதோடு நிற்கவில்லை, 'யூஸிங் ஆட்டோமேட்டிக் கவரிங் இண்டெக்ஸ்' என்று இருக்கிறது. அந்த 'ஆட்டோமேட்டிக்'தான் ஆறு நொடி.

என்ன நடக்கிறது தெரியுமா? இருப்பு எவ்வளவு என்று காட்ட, வரவையும் விற்பனையையும் கூட்டல் கழித்தலாக வைத்திருக்கும் சரக்கு டேபிளை மருந்துப் பட்டியலோடு 'லெஃப்ட் ஜாயின்' செய்திருக்கிறாய். இன்னும் வந்து சேராத மருந்தும் பட்டியலில் தெரிய வேண்டும் என்பதற்காக. நல்ல யோசனை. ஆனால் சரக்கு டேபிளில் மருந்து எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லை. ஃபாரின் கீ போட்டிருக்கிறேனே என்பாய். ஃபாரின் கீ போட்டால் அந்த நெடுவரிசைக்கு எஸ்க்யூலைட் தானாக இண்டெக்ஸ் போடாது. அது நம் வேலை. நாம் போடாததால், ஒவ்வொரு தேடலுக்கும் அது தானே தற்காலிகமாக ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. ஒருவர் வந்து ஒரு மருந்து கேட்டதும், நாலு வருஷத்து பில் புத்தகங்களை எல்லாம் தரையில் கொட்டி, மருந்து வாரியாகப் பிரித்து அடுக்கி, ஒரு பக்கத்தைப் பார்த்து "பத்து ஸ்ட்ரிப் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுக்கியதைத் தூக்கிக் குப்பையில் போடுகிற மாதிரி. அடுத்த ஆள் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து.

என் லேப்டாப்பில் இதற்கு ஒரு நொடிக்கும் கொஞ்சம் மேலே. உனக்கும் வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கும், அதனால்தான் கடை கம்ப்யூட்டர் மேல் பழி போட்டாய். நம் இரண்டு பேரிடமும் எஸ்எஸ்டி. கடையில் இருப்பது நாலு ஜிபி மெமரி, பழைய ஹார்டு டிஸ்க், கூடவே ஆன்டிவைரஸ். எஸ்க்யூலைட் தனக்கென்று வைத்துக்கொள்ளும் கேஷ், நாம் மாற்றாதவரை, சுமார் இரண்டு எம்பிதான். 210 எம்பி ஃபைலை ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கிலிருந்து இழுத்தால் ஆறு நொடி ஆகாமல் என்ன செய்யும்? இனிமேல் எதை அளந்தாலும் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அள.

தீர்வு ஒரே வரி. சரக்கு டேபிளில் மருந்து எண், அளவு இரண்டையும் சேர்த்து, இதே வரிசையில், ஒரு இண்டெக்ஸ். மருந்து எண் முன்னால் வர வேண்டும், தேடுவது அதைத்தானே. அளவையும் ஏன் சேர்க்கிறோம் என்றால், கூட்ட வேண்டிய எண் இண்டெக்ஸிலேயே கிடைத்துவிடும், டேபிள் பக்கம் போகவே வேண்டாம். போட்டுப் பார்த்தேன். ஃபைல் சுமார் 20 எம்பி பெருத்தது. 'பாரா' என்று தேடினால் ஒன்பது மில்லிசெகண்ட். பிளானில் 'ஆட்டோமேட்டிக்' என்ற வார்த்தை போய், நான் வைத்த பேர் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கே எழுந்தேன்.

இந்த உற்சாகத்தில் எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கூத்தைச் செய்தேன். ஒரு டேபிளில் பதினொரு இண்டெக்ஸ். தேடல் பறந்தது, ஆனால் ஒரு வரி எழுதப் பன்னிரண்டு இடத்தில் எழுத வேண்டியதாகி, பதிவு செய்கிறவர்கள் என் மேஜைக்கே வந்து நின்றார்கள்.

மாதக் கடைசி ரிப்போர்ட் இன்னொரு கதை. தேதிக்கு நீ ஏற்கனவே இண்டெக்ஸ் போட்டிருக்கிறாய், ஆனால் 'வேர்' பகுதியில் தேதியை 'எஸ்டிஆர்எஃப்டைம்' ஃபங்ஷனுக்குள் வைத்து, மாதம் மட்டும் பிரித்து ஒப்பிடுகிறாய். நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் திணித்ததும் அந்த இண்டெக்ஸ் கைவிட்டுவிடும். தேதியை அப்படியே விட்டு, மார்ச் 1க்குச் சமம் அல்லது மேல், ஏப்ரல் 1க்குக் கீழ் என்று எழுது. "மார்ச் 31க்குச் சமம் அல்லது கீழ்" என்று எழுதி வைக்காதே. நீ தேதியோடு நேரத்தையும் சேர்த்து எழுத்தாகச் சேமிக்கிறாய். எழுத்து ஒப்பீட்டில் 31ஆம் தேதி காலை பத்து மணி என்பது வெறும் 31ஐ விடப் பெரியது. அன்றைய வியாபாரம் முழுக்கக் கணக்கில் வராமல் போகும். மாமா கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு உன்னைத்தான் கூப்பிடுவார்.

பில் சேமிக்கும்போது ஒரு திணறல் வருகிறதே, அது தேடலோடு சேர்ந்தது இல்லை. நீ லூப்புக்குள் ஒவ்வொரு வரிக்கும் 'கமிட்' கொடுக்கிறாய். ஒவ்வொரு கமிட்டுக்கும், டேட்டா நிஜமாக டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று எஸ்க்யூலைட் காத்திருக்கும். நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், நொடிக்கு 120 சுற்றுதான்; அந்தக் காத்திருப்பெல்லாம் சுற்றுக் கணக்கில் நடக்கிறது. பன்னிரண்டு மருந்து பில்லுக்குப் பன்னிரண்டு காத்திருப்பு. கமிட்டை லூப்புக்கு வெளியே கொண்டு வா, ஒன்றுதான். வேகத்தை விடு, நடுவில் கரண்ட் போனால் இப்போது பாதி பில் பதிவாகியிருக்கும். ஒரே டிரான்ஸாக்‌ஷன் என்றால் முழுசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

அந்தக் காத்திருப்பே இல்லாமல் 'சிங்க்ரனஸ்' அமைப்பை ஆஃப் செய்தால் பறக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், பறக்கும். மாமா தெருவில் கரண்ட் எப்படி என்று உனக்கே தெரியும், அந்த யூபிஎஸ் எத்தனை வருஷத்துப் பழசு என்றும் தெரியும். ஃபைலே சிதைந்து போகலாம். அதைத் தொடாதே.

'வால்' (WAL) முறைக்கு மாறுவது நல்லது. எழுதும்போதே இன்னொரு பக்கம் படிக்கலாம், ரிப்போர்ட் ஓடும்போது பில் நிற்காது. பேர் பொருத்தம் பார், அது டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு வாலை வளர்த்துக்கொள்ளும். சமீபத்திய பதிவுகள் அந்த வாலில் இருக்கலாம். மாமா ராத்திரி கடை மூடும்போது பென் டிரைவில் இழுத்துப் போடுகிறாரே, உன் புரோகிராம் திறந்திருக்க, தலையை மட்டும் காப்பி செய்தால் வாலில் இருப்பது வராது. அவருக்கு ஒரு பட்டன் வைத்துக் கொடு. உள்ளே 'பேக்கப்' கட்டளையை ஓட்டு.

இரண்டாவது கவுண்டர் போடப்போவதாகச் சொன்னாய். ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. நெட்வொர்க்கில் ஃபைல் பூட்டு சொன்னபடி நிற்காது. வால் முறை அங்கே வேலையே செய்யாது. முன்பு நான் இருந்த ஓர் ஆபீஸில் இப்படி வைத்து, ஒரு திங்கட்கிழமை காலை சிதைந்த ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கவுண்டர் வருகிற அன்றைக்கு போஸ்ட்கிரெஸ் பேச்சை எடு, நானே வந்து உட்காருகிறேன்.

இண்டெக்ஸைக் கடை மூடிய பிறகு போடு, அதற்கு முன் ஒரு காப்பி எடுத்துக்கொள். போட்டதும் ஒருமுறை 'அனலைஸ்' ஓட்டிவிடு. மாமாவிடம் எதுவும் சொல்லாதே. மறுநாள் சாயங்காலம் கூட்ட நேரத்தில் பக்கத்தில் நின்று, அவர் கவனித்தாரா, என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுது. அத்தை கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது என்றும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அக்கா