சத்தம் போடாத ஸ்க்ரிப்ட்டும் சித்தப்பா கடைக் கணக்கும்

மக்களே, இது 2014-ல நடந்த சொந்த சோகக்கதை.

நரிக்குடியில சித்தப்பாவுக்கு உரக்கடை. மிளகாயோ பருத்தியோ எடுத்து காசு பார்த்தாத்தான் சம்சாரி கடனை அடைப்பார், அதுவரைக்கும் எல்லாம் பற்றுதான். அந்தக் கணக்கை உபுண்டு போட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு பென் டிரைவுக்கு காப்பி எடுக்க ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதி, கிரான்ல போட்டுட்டு மதுரைக்கு கிளம்பிட்டேன். பெருசா சாதிச்சிட்ட நெனப்பு வேற :-)

ரெண்டு மாசத்துல ஹார்ட் டிஸ்க் போச்சு. தெனாவெட்டா பென் டிரைவைச் செருகிப் பார்த்தா, கடைசி காப்பி ஆறு வாரம் பழசு! ஏதோ ஒரு பவர்கட்டுக்கு அப்புறம் பென் டிரைவ் மவுண்ட் ஆகவே இல்ல. ஆனா அதுக்குன்னு வெச்ச ஃபோல்டர் காலியா இருந்துச்சு. ஸ்க்ரிப்ட் பாட்டுக்கு அதுக்குள்ள, அதாவது அதே ஹார்ட் டிஸ்க்ல, தினமும் காப்பி போட்டிருக்கு. எரரே இல்ல.

சித்தப்பா திட்டல. "தினமும் எடுக்குதுன்னு சொன்னியே தம்பி, எடுத்துச்சான்னு யாரு பாத்தா?"ன்னு மட்டும் கேட்டார். பில் புக் கார்பன் காப்பிய வெச்சு பத்து நாள் உக்காந்து திரும்ப ஏத்தினோம். பில் போடாம கொடுத்தது போனது போனதுதான்.

அப்புறம்தான் லாகர்ங்கிற கமாண்டை ஒழுங்கா படிச்சேன். 1980-கள்ல எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதினது சிஸ்லாக். அதுக்கு நாமளும் சேதி சொல்ற வாசல்தான் லாகர். லாகர்னு அடிச்சு, பக்கத்துல சேதியை எழுதி எண்டர் தட்டினா போதும். நேரம், மெஷின் பேரோட லாக்ல ஏறிடும். 'டி' ஆப்ஷன்ல ஒரு அடையாளப் பேரு வெக்கலாம். 'பி' ஆப்ஷன்ல அவசரம் எவ்வளவுன்னு சொல்லலாம்: 0 எமர்ஜென்சியில இருந்து 7 டீபக் வரை எட்டு படி. ஒண்ணும் சொல்லலேன்னா 5, அதாவது நோட்டீஸ்.

இப்ப ஸ்க்ரிப்ட் முதல்ல பென் டிரைவ் மவுண்ட் ஆயிருக்கான்னு பார்க்கும். இல்லேன்னா எரர்னு ஒரு வரி எழுதிட்டு நின்னுடும். நல்லா முடிஞ்சாலும் ஒரு வரி கட்டாயம். ஏன்னா கிரானே ஓடலேன்னா எரர் எழுதக்கூட ஆளிருக்காது. அன்னிக்கு வரி இல்லாததுதான் சேதி.

எழுதினா மட்டும் பத்தாது, யாராச்சும் படிக்கணும். ஜர்னல்சிடிஎல் மூலமா கடைசி வரியைக் காட்டுற ஐகான் ஒண்ணு வெச்சுக் கொடுத்தேன். கடை சாத்துறதுக்கு முன்னாடி சித்தப்பா அதைத் தட்டிப் பார்ப்பார். போன மாசம் போன் வந்துச்சு: "தம்பி, இன்னிக்கு எரர்னு போட்டிருக்குப்பா."

விசாரிச்சா, கடைப் பையன் பாட்டு ஏத்த பென் டிரைவைக் கழட்டிட்டுப் போயிருக்கான் :-)

உங்க ஸ்க்ரிப்ட்டெல்லாம் வாயைத் திறக்குதா? ஒரு தடவை பாத்துக்கோங்க.