அடி வாங்கவே ஒரு தகடு

எங்க தொழில்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் எதுன்னு கேட்டா, இம்பின்ஜ்மென்ட் ப்ளேட்னு சொல்வேன். சிரிக்காதீங்க மக்களே! ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஷெல்லுக்குள்ள திரவம் நுழையுற நாசிலுக்கு நேர் எதிர்ல, ட்யூப்களுக்கு முன்னாடி நிக்கிற சாதாரணத் தகடு. வேலை? அடி வாங்குறது.

ட்யூப் சுவர் பெரும்பாலும் 2 மி.மீ. கனம்தான். பாய்ச்சல் நேரா அதுமேல விழுந்தா தேஞ்சு தேஞ்சு ஓட்டை. அப்புறம் ரெண்டு பக்கத் திரவமும் கலந்துடும்.

எப்ப தகடு வேணும்? 'டெமா' விதிப்படி, அரிக்காத சுத்தமான திரவத்துக்கு அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால பெருக்கினா (எஸ்.ஐ. அளவுல) 2232-ஐத் தாண்டக்கூடாது. தண்ணி நொடிக்கு 1.5 மீட்டர்லயே தாண்டிடும்! ஈரமான நீராவிக்குக் கணக்கே வேணாம், பாதுகாப்பு கட்டாயம். கூட வர்ற நீர்த்துளி ஒவ்வொண்ணும் தோட்டா.

"செலவு மிச்சம், தகடை எடுத்துடலாமே"ன்னு மீட்டிங்ல யாராவது கேப்பாங்க. நான் விடமாட்டேன். ஆனா தகடு இருக்குன்னு நிம்மதியா தூங்கவும் முடியாது. தகட்டைச் சுத்தி இடம் பத்தலைன்னா, திரவம் ஓரத்துல பிதுங்கி, இன்னும் வேகமா பக்கத்து ட்யூபை அரிக்கும். அதான் சில இடங்கள்ல தகட்டுக்குப் பதிலா ரெண்டு வரிசை கெட்டிக் கம்பி வெக்கிறாங்க. அடியும் தாங்கும், வழியும் அடைபடாது.

ஷட்டவுன்ல பண்டிலை வெளிய இழுத்ததும் முதல்ல தகட்டைப் பார்ப்பேன், அடுத்து ஓரத்து ட்யூபைத் தடவிப் பார்ப்பேன். தகட்டுல குழி இருந்தா சந்தோஷம். ட்யூப்ல இருந்தா, அன்னிக்கு ராத்திரி பிளான்ட்லதான் சாப்பாடு!